பூட்டும் இரகசியமும்

திறவுகோல் என்ற சொல்லை இன்று நம் பேச்சில் கேட்க முடிவதில்லை. போர்த்துகீசியர் விட்டுச்சென்ற 'சாவி' அதன் இடத்தில் அமர்ந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. (ஜன்னலும் அலமாரியும்கூட அதே கப்பலில் வந்திறங்கியவைதாம்.) ஆனால் சாவியில் இல்லாத ஒரு சித்திரம் திறவுகோலில் இருக்கிறது. திறப்பதற்கென்று கையில் ஏந்திச் செல்லும் ஒரு கோல்! சட்டைப்பையில் கிடக்கும் சிறு உலோகத் துண்டைப் பார்த்து யாருக்கும் கோல் என்று அழைக்கத் தோன்றாது. உலகின் பழைய பூட்டுகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கிய பிறகே அச்சொல்லின் பொருத்தம் எங்களுக்கு விளங்கிற்று. அந்தப் பூட்டுகளைத் திறந்தவை உண்மையாகவே கோல்கள்தாம்.

பூட்டுக்கு முன்னால் இருந்தது தாழ். கதவுக்குக் குறுக்கே ஒரு கணையமரத்தைச் செருகிவிட்டால் போதும். ஆனால் அதற்கு உள்ளே ஓர் ஆள் இருந்தாக வேண்டும். வீட்டிலுள்ள அனைவரும் வெளியே போக நேரும்போதுதான் சிக்கல் ஆரம்பமாகிறது. வெளியே நின்றுகொண்டு உள்ளே இருக்கும் தாழைப் போடவும் எடுக்கவும் வேண்டும். உரியவர் எடுக்கலாம், மற்றவர் எடுக்கலாகாது. அதாவது, ஒரு மரக்கட்டைக்கு ஆளை அடையாளம் காணக் கற்றுத்தர வேண்டும். பூட்டின் வரலாறு என்பது இந்த ஒரு சிக்கலுக்கு மனிதர்கள் கண்ட விடைகளின் தொகுப்பு என்றே சொல்லலாம்.

எகிப்திலும் மேற்காசியாவிலும் வழங்கிய மரப்பூட்டு அவ்விடைகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதன் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் பின்னால் வருவதெல்லாம் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. கதவின்மீது ஒரு மரச்சட்டம். அதனூடே பக்கவாட்டில் நகரும் ஒரு தாழ்மரம். சட்டத்தின் மேற்பகுதியில் செங்குத்தான சில துளைகள், ஒவ்வொன்றிலும் தளர்வாக நிற்கும் ஒரு முளை. தாழ்மரத்தின் மேல்முகத்தில் அதே இடைவெளிகளில் குழிகள். தாழைத் தள்ளி மூடியதும் முளைகள் தம் எடையாலேயே அக்குழிகளில் விழுந்துவிடும். பிறகு தாழ் அசையாது. திறவுகோல் என்பது நீண்ட ஒரு மரத்துண்டு. அதன் நுனியில், பெரியதொரு பல்துலக்கியைப் போல, மேல்நோக்கிய பற்கள். தாழ்மரத்தில் குடைந்துள்ள வழியில் அதை நுழைத்து மேலே தூக்கினால், பற்கள் குழிகளுக்குள் கீழிருந்து புகுந்து முளைகளைச் சட்டத்துக்குள் ஏற்றிவிடும். அப்படியே கோலை இழுக்க, தாழும் உடன் வந்துவிடும்.

முளைகள் எத்தனை, எங்கெங்கே நிற்கின்றன என்பது வீட்டுக்கு வீடு மாறும். பூட்டு வேலைசெய்யும் விதம் ஊரறிந்தது. பற்களின் வரிசை மட்டுமே வீட்டாருக்குரியது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கி.மு. 8ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் கோர்சாபாத்தில் கட்டிய அரண்மனையின் வாயில் ஒன்றைப் பற்றி ஜோசப் பொனோமி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதினார். அவ்வாயிலைப் பூட்டியது பெரியதொரு மரப்பூட்டு என்றும், அதன் திறவுகோல் ஓர் ஆள் சுமக்கக்கூடிய அளவினது என்றும் அவர் குறிப்பிடுகிறார். விவிலியத்தில் ஏசாயாவின் நூல் ஒரு திறவுகோலைத் தோளின்மீது வைப்பதாகப் பேசுவதை இத்துடன் சேர்த்துப் பார்க்கையில், அது வெறும் உருவகமாகத் தோன்றுவதில்லை. 1836-இல் வெளியான தம் நூலில் எட்வர்ட் வில்லியம் லேன் கெய்ரோவின் வீட்டுக் கதவுகளில் இத்தகைய மரப்பூட்டுகள் இருந்ததை விவரித்திருக்கிறார். மாலி நாட்டின் தோகோன் மக்கள் தானியக் களஞ்சியங்களுக்குச் செய்த மரப்பூட்டுகளில் மனித உருவங்களைச் செதுக்கியிருப்பதை இன்றும் அருங்காட்சியகங்களில் காணலாம்.

கிரேக்கர்களின் வழி வேறு. ஹோமரின் 'ஒடிஸி' காவியத்தில், இருபத்தோராம் படலத்தில், பெனலோப்பி கணவனின் வில்லை எடுக்கக் களஞ்சிய அறைக்குப் போகிறாள். அவள் கையில் இருப்பது தந்தப்பிடி போட்ட, வளைந்த வெண்கலத் திறவுகோல். கதவிலிருந்து தொங்கும் தோல்வாரை முதலில் அவிழ்க்கிறாள். பிறகு கோலைத் துளையில் நுழைத்து, நேராகக் குறிபார்த்து உள்ளிருக்கும் தாழைத் தள்ளுகிறாள். வெளியேயிருந்து தாழைப் போட அந்த வார், விலக்க அந்தக் கோல். துளையும் வளைவும் அறிந்த எவரும் திறக்கக்கூடிய பூட்டுதான். எங்களைக் கவர்ந்தது இன்னொன்று. அவள் எடுக்கப்போவது யாராலும் நாண் பூட்ட இயலாத வில்லை. ஏரைப் பூட்டுவதற்கும் நாணைப் பூட்டுவதற்கும் கதவைப் பூட்டுவதற்கும் தமிழில் ஒரே வினைச்சொல்தான். அக்காட்சியைத் தமிழில் சொல்லும்போது மூலத்தில் இல்லாத ஓர் இசைவு தானாக வந்து அமர்ந்துகொள்கிறது.

ரோமானியர்கள் பூட்டை உலோகத்துக்கு மாற்றினார்கள். திறவுகோல் சுருங்கிச் சாவியானது அவர்கள் காலத்தில்தான். விரலில் மோதிரமாக அணியும் அளவுக்கு அது சிறுத்துப்போயிற்று. சாவி யார் கையில் என்பது வீட்டில் யாருடைய சொல் நடக்கும் என்பதற்கு அடையாளமாகவும் ஆயிற்று. கி.மு. 44-இல் இயற்றிய இரண்டாம் பிலிப்பிக் உரையில் சிசரோ மார்க் ஆண்டனியை எள்ளி நகையாடுகிறார். ஆண்டனி தன்னுடன் வாழ்ந்த நடிகையிடமிருந்து சாவிகளை வாங்கிக்கொண்டு வெளியேற்றினாராம், முறைப்படி மனைவியை விலக்குவதைப்போல! இடுப்பில் சாவிக்கொத்துடன் வலம்வந்த மாமியார்களையும், அது என்றைக்குத் தம் இடுப்புக்கு மாறும் என்று காத்திருந்த மருமகள்களையும் அறிந்த நமக்கு இதில் விளக்க ஏதுமில்லை.

ரோமானியர் காலத்திலேயே இன்னொரு யோசனையும் பிறந்துவிட்டது. பூட்டின் உட்புறத்தில் தடைத்தகடுகளை நிறுத்திவைப்பது. அத்தகடுகளுக்கு ஏற்ற வெட்டுகள் உடைய சாவி மட்டும் இடிபடாமல் சுழலும். ஐரோப்பா பல நூற்றாண்டுகள் இந்தப் பூட்டையே நம்பியிருந்தது. கொல்லர்கள் தகடுகளை மென்மேலும் சிக்கலாக்கினர், சாவிகளைச் சித்திர வேலைப்பாடுகளால் நிறைத்தனர். ஆனால் அடிப்படைக் குறை அப்படியே இருந்தது. தாழை நகர்த்துவது சாவியின் நுனி மட்டுமே. மற்ற பகுதிகளை அராவி எறிந்துவிட்டால், மிஞ்சும் மெல்லிய தண்டு எல்லாத் தடைகளையும் தாண்டிச் சென்றுவிடும். நாம் கள்ளச்சாவி என்று சொல்வதன் எளிய வடிவம் அது. இந்தக் குறையை ஈடுசெய்யக் கையாண்ட வழி மறைப்பு. பொய்த்துளைகள் வைத்தார்கள். உண்மைத் துளையை ஓர் ஆணித்தலைக்கோ குமிழுக்கோ அடியில் ஒளித்தார்கள். பூட்டின் வலிமை குறைந்த இடத்தில் இரகசியம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அத்தகைய இரகசியம் என்ன செய்யும் என்பதை எங்கள் குடும்பத்திலேயே பார்த்திருக்கிறோம். தாய்வழித் தாத்தாவிடம் இரும்புப்பெட்டி ஒன்று இருந்தது. முகப்பில் வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். அவற்றுள் ஒன்றை ஒருவகையாகத் திருகி நகர்த்தினால்தான் சாவித்துளை தென்படும். சாவி ஆச்சிக்குத் தெரிந்த இடத்தில்தான் தொங்கும். ஆனால் எந்தக் குமிழ் என்பதைத் தாத்தா யாரிடமும் சொன்னதில்லை, ஆச்சியிடமும். ஒருநாள் உறக்கத்திலேயே அவர் போய்ச்சேர்ந்தார். காரியங்களுக்கான பணமும் வீட்டுப் பத்திரமும் பெட்டிக்குள். சாவி கையில். மாமாக்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு நாட்கள் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். இறுதியில் டவுனிலிருந்து பூட்டு வேலை செய்யும் பெரியவர் ஒருவரை அழைத்துவந்தார்கள். கொடுத்த காப்பி ஆறுவதற்குள் அவர் துளையைக் காட்டிவிட்டார்.

"இந்த மாதிரிப் பெட்டி எத்தனையோ பாத்தாச்சு ஆச்சி. களவாங்க வாரவனுக்கு இதெல்லாம் தெரியாமலா இருக்கும்?" என்றார்.

ஆச்சி சற்று நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாம இருந்திருக்கு" என்றாள்.

அதற்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை.

பூட்டின் வலிமையை மறைப்பிலிருந்து பிரித்தெடுக்கும் முயற்சி இங்கிலாந்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூடுபிடித்தது. 1778-இல் ராபர்ட் பாரன் ஒரு பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் தாழைப் பிடித்துக்கொண்டிருந்தவை நெம்புத் தகடுகள். (நம் கடைத்தெருவில் லீவர் என்பார்கள்.) லீவர் அதற்கு முன்பும் உண்டு, ஆனால் எப்படியேனும் தூக்கினால் போதும், தாழ் விடுபட்டுவிடும். பாரனின் லீவரையோ மிகச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். குறைந்தாலும் திறக்காது, கூடினாலும் திறக்காது. 1784-இல் ஜோசப் பிரமா வேறொரு வழியில் போனார். அவருடைய சாவி ஒரு சிறு குழாய். அதன் விளிம்பிலுள்ள வெட்டுகள் பூட்டுக்குள் இருக்கும் நழுவுதகடுகளை வெவ்வேறு ஆழங்களுக்குத் தள்ளும். எல்லாம் தத்தம் இடத்தில் நின்றால்தான் உருளை சுழலும். இத்தகைய நுட்பத்துக்குக் கைவேலை மட்டும் போதவில்லை. பிரமாவிடம் வேலைபார்த்த இளைஞர் ஹென்றி மாட்ஸ்லே அதற்கென்றே கருவிகளையும் இயந்திரங்களையும் உருவாக்கினார். பின்னாளில் இயந்திரத் தொழிலின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் போற்றப்பட்டதற்கு ஒரு பூட்டுப் பட்டறை அடித்தளமாக இருந்தது.

1790-இல் பிரமா பதினெட்டுத் தகடுகள் கொண்ட ஒரு பூட்டை லண்டன் பிக்கடிலியிலிருந்த தம் கடையின் சாளரத்தில் வைத்து, சாவியின்றித் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்தார். அந்த அறிவிப்பு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே இருந்தது.

இதற்கிடையே 1817-இல் போர்ட்ஸ்மத் கப்பல்தளத்தில் கள்ளச்சாவிகளைக்கொண்டு ஒரு களவு நடந்தது. உரிய சாவியன்றி வேறெதனாலும் திறக்க இயலாத பூட்டைச் செய்பவருக்கு அரசு பரிசு அறிவித்தது. 1818-இல் ஜெரமையா சப் அதை வென்றார். அவருடைய பூட்டில் ஒரு புதுமை உண்டு. யாரேனும் ஒரு லீவரை அளவுக்கு மீறித் தூக்கிவிட்டால், அது மேலேயே சிக்கிக்கொள்ளும். அடுத்து உரியவர் சாவியைப் போடும்போது பூட்டு திறக்காது, தன்மீது யாரோ கைவைத்ததை அவருக்குச் சொல்லிவிடும். பூட்டுத் தொழில் அறிந்த ஒரு கைதிக்கு, இதைத் திறந்துகாட்டினால் விடுதலை என்று வாக்களித்தார்கள். மாதக்கணக்கில் முயன்றும் அவரால் முடியவில்லை.

இப்படியாக இங்கிலாந்து நிம்மதியாகப் பூட்டிக்கொண்டு உறங்கியது. 1851-இல் லண்டனில் உலகக் கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் வந்து சேர்ந்தார். சாட்சிகள் முன்னிலையில் சப்பின் பூட்டை ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்களில் திறந்தார். அடுத்துப் பிரமாவின் பூட்டு. பதினாறு நாட்களில் பரவிய 51 மணிநேர உழைப்புக்குப் பின் அதுவும் திறந்துகொண்டது. பரிசுப்பணம் வழங்கப்பட்டது. அந்தப் பூட்டை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஹாப்ஸின் உத்தியில் மாயம் ஏதுமில்லை. தாழின்மீது மெல்லிய, விடாத அழுத்தம் ஒன்றைக் கொடுத்துக்கொண்டே தகடுகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்ப்பார். எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் எல்லாத் தகடுகளும் முடியளவும் பிசகாமல் அமைவதில்லை. ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிடச் சற்று இறுக்கமாக உரசும். அதைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் அடுத்தது இறுகும். பூட்டு தன் இரகசியத்தைத் தானே, ஒவ்வோர் எழுத்தாக, விரல்நுனிக்குச் சொல்லிவிடுகிறது. கேட்பதற்குப் பொறுமை வேண்டும், அவ்வளவே.

இதன்பின் எழுந்த விவாதம்தான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. பூட்டுகளின் பலவீனத்தை இப்படிப் பகிரங்கமாக்கலாமா, இது திருடர்களுக்குப் பாடம் நடத்துவதாகாதா என்று கேட்டார்கள். ஹாப்ஸின் குறிப்புகளைக்கொண்டு சார்லஸ் டாம்லின்சன் பதிப்பித்த நூல் 1853-இல் வெளிவந்தது. அதில் இக்கேள்விக்கு நேரான விடை உண்டு. திருடர்கள் தம் தொழிலில் தேர்ந்தவர்கள், நாம் கற்பிக்கக்கூடியதைவிட அதிகமாகவே அவர்களுக்குத் தெரியும், பூட்டின் குறையை அறியாதிருப்பவர்கள் அதை நம்பிக் காசுகொடுத்து வாங்கும் நல்லவர்கள் மட்டுமே என்பது அந்நூலின் வாதம். படித்தபோது இரும்புப்பெட்டியின் முன் நின்ற ஆச்சியின் குரல் எங்களுக்குக் கேட்டது.

ஹாப்ஸ் பெருமையுடன் கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டும் தப்பவில்லை. லைனஸ் யேல் என்ற இளைஞர் அதைத் திறந்துகாட்டினார். அவருடைய தந்தையின் பெயரும் லைனஸ் யேல்தான். 1840களில் தந்தை முளைகளைக்கொண்டு ஒரு பூட்டைச் செய்திருந்தார். மகன் அதைச் செம்மைப்படுத்தி 1861-இலும் 1865-இலும் காப்புரிமைகள் பெற்றார். வரிசையாகச் சில முளைகள், ஒவ்வொன்றும் இரண்டு துண்டுகளாக, மேலிருந்து ஒரு சுருள்வில் அழுத்த உருளைக்குள் இறங்கி நிற்கும். சரியான சாவியின் மேடுபள்ளங்கள் அவற்றைத் தூக்கும்போது, எல்லா முளைகளின் பிரிவுக்கோடும் உருளையின் விளிம்பில் ஒன்றாக வந்து நிற்கும். உருளை சுழலும். இன்று நம்மில் பலருடைய வீட்டுவாசலில் இருப்பது இதுதான்.

எகிப்தின் மரப்பூட்டை இப்போது நினைவுகூர்ந்தால் போதும். விழும் முளைகள், தூக்கும் பற்கள். மண்ணின் ஈர்ப்பு செய்த வேலையைச் சுருள்வில் செய்கிறது. அதனால் பூட்டைத் தலைகீழாகவும் பொருத்தலாம். இடையில் ஐரோப்பா தடைத்தகடுகளுடனும் ஒளித்துவைத்த துளைகளுடனும் கழித்த நூற்றாண்டுகளைத் தாண்டி, பொறி பழைய மரத்தச்சரின் எண்ணத்துக்கே திரும்பிவிட்டது. அந்தத் தச்சர் எதையும் ஒளிக்கவில்லை. பற்களின் வரிசை ஒன்றே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பாரன் வழிவந்த லீவரோ நம் திண்டுக்கல்லில் குடியேறிவிட்டது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அவ்வூர்ப் பூட்டுகளில் ஒன்றை, பழையதாகப் பார்த்து வாங்கி, அண்மையில் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஒன்றின்மேல் ஒன்றாகப் பித்தளை லீவர்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு உயரத்தில் கையால் அராவிய ஒரு வெட்டு, அதன் ஓரத்தில் அரத்தின் கீறல்கள். மாங்காய்ப் பூட்டென்றாலும் பெட்டிப் பூட்டென்றாலும் கேட்டால் விளக்கிச் சொல்ல அவற்றைச் செய்கிறவர்கள் தயங்குவதில்லை. விளக்கிவிடுவதால் அவர்களுடைய பூட்டு ஒன்றும் நொய்ந்துவிடாது.

உடைக்க முடியாத பூட்டு என்று ஒன்று இருந்ததாக இந்த வரலாற்றில் எங்கும் காணோம். உரியவரை அடையாளம் காணும் வேலையைச் சிறிது காலம் நேர்மையாகச் செய்த பூட்டுகள் பல இருந்திருக்கின்றன. ஆகவே பூட்டை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கட்டும். அதை எப்படித் திறப்பது என்பதை வீட்டில் இன்னொருவருக்கேனும் இன்றே சொல்லிவைப்போம்.