நம்ம இருபத்தெட்டு

கேரள மலையில் இருக்கிற எங்கள் வண்டிப்பெரியாரில் சைக்கிள் மிதிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கோட்டயம்–குமுளி சாலையான கே.கே. ரோடு ஒரு பக்கம் பீர்மேட்டுக்கு மூச்சுமுட்ட ஏறுகிறது; மறுபக்கம் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து குமுளிக்குப் போகிறது. எஸ்டேட் லயங்களுக்குப் பிரியும் பாதைகள் ஜீப்புக்கென்றே ஆனவை. இப்படிப்பட்ட மலையில் சைக்கிள் கடை வைத்துப் பிழைக்க முடியாது. பங்க்சர் ஒட்டும் இடம் இருக்கிறது, அது பைக்குக்கும் ஆட்டோவுக்கும். ஒரு ஃப்ரீவீலோ கோனோ நாலு போக்ஸ் கம்பியோ வேண்டுமென்றால் குமுளி செக்போஸ்ட்டைத் தாண்டி, மலை இறங்கி, லோயர் கேம்ப், கூடலூர் வழியாகக் கம்பத்துக்குத்தான் போக வேண்டும். என் உள்ளூர்க் கடை முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி, வேறொரு மாநிலத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் வாங்கினால் தபால்காரர் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார். எது பக்கம், எது தூரம் என்பது எனக்கு ரொம்ப நாளாகவே குழப்பம்.

அப்பாவின் சைக்கிள் 28 அங்குல ஹெர்குலிஸ். கம்பத்தில் பழையதாக வாங்கி பஸ் கூரையில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்தார். லயத்திலிருந்து தேயிலை ஃபேக்டரி வரை ஆற்றோரமாகக் கொஞ்சம் சமதரை உண்டு. அந்தத் தூரத்துக்குத்தான் அது. இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். இரும்பு ரிம் மழையில் நனைந்துவிட்டால் ராடு பிரேக் பிடிக்காது, எங்கள் ஊரில் ரிம் நனையாத மாதங்கள் குறைவு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கோடைக்குள் வரும்போது ஒரு கையில் டார்ச், ஒரு கையில் ஹேண்டில்பார். கோடை என்று நாங்கள் சொல்வது மூடுபனியை. பத்தடி தூரத்தில் வருகிற லாரிகூடத் தெரியாது.

அவர் போன பிறகு அந்தச் சைக்கிள் திண்ணையில் சாய்ந்தே கிடந்தது. டயர் வெடித்து உள்நூல் தெரிந்தது. அதை மறுபடி ஓட வைக்க ஆசைப்பட்டேன். என்னிடமிருக்கும் கியர் சைக்கிளுக்கு வெளிநாட்டிலிருந்து பாகங்கள் வரவழைத்துப் பழக்கம். அப்படித் தேடும்போது ஒரு ஐரோப்பியக் கடையில் ஒரு டயர் கண்ணில் பட்டது. முள் ஏறாதபடி உள்ளே ஒரு தடித்த பட்டை, பக்கவாட்டில் சுற்றிலும் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் வெள்ளைக் கோடு. அந்தக் கோட்டைப் பார்த்ததும் டார்ச் பிடித்த அப்பாவின் கைதான் நினைவுக்கு வந்தது. 28 அங்குலம் என்று போட்டிருந்தது. இரண்டு டயருக்குப் பணம் கட்டினேன். பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்பீட்டையும் கூட்டி, அந்த மொத்தத்தின்மேல்தான் சுங்க வரி. அதையும் கட்டினேன்.

பார்சல் வந்த அன்று திண்ணையில் உட்கார்ந்து டயரை ரிம்மில் ஏற்றப் பார்த்தேன். ஒரு ஓரம்கூட ஏறவில்லை. லீவரை நெம்பி நெம்பி உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். உள்ளேயிருந்து அம்மா பார்த்துவிட்டு, "உங்கப்பா டயரோட இப்படி மல்லுக்கட்டி நான் பாத்ததே இல்லையேப்பா" என்றாள்.

மறுநாள் சக்கரத்தையும் டயரையும் தூக்கிக்கொண்டு கம்பம் பஸ் ஏறினேன். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். டயரின் பக்கவாட்டில் பொறித்திருந்த எதையும் அவர் படிக்கவில்லை. புது டயரைத் தரையில் போட்டு, அதன்மேல் அப்பாவின் பழைய டயரை வைத்தார். உள்விளிம்பு இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் சுண்டுவிரலில் பாதி அகலத்துக்கு ஒரு இடைவெளி.

"இதுவும் இருபத்தெட்டுதான் தம்பி. ஆனா நம்ம இருபத்தெட்டு இல்ல" என்றார்.

இதன் கணக்கை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 28 என்பது காற்றடித்த டயரின் வெளிவிட்டத்தைத் தோராயமாகச் சொல்லும் பழைய பெயர். 28 அங்குலம் என்றால் 711 மில்லிமீட்டர். ஆனால் டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் நம் ஊர்ப் பழைய சைக்கிளில் 635 மில்லிமீட்டர், ஐரோப்பாவில் இன்று 28 என்று விற்பவை பலவற்றில் 622. நம்முடையதில் டயர் ஒல்லி, ரிம் பெரிது. அவர்களுடையதில் டயரின் பருமன் கூடக்கூட ரிம்மின் குறைவு ஈடாகிவிடுகிறது. மலைச் சைக்கிள்களில் 29 என்று இன்று சொல்கிறார்களே, அதுவும் அதே 622 ரிம்தான். 29 என்று பெயர் வாங்கியது, நம்முடைய 28-ஐவிடச் சின்ன ரிம்மில் உட்காருகிறது. 26-இலும் இதே கதை: பழைய 26 × 1⅜ டயருக்கு 590, மலைச் சைக்கிளின் 26-க்கு 559. கடையில் போய் 'இருபத்தாறு' என்று மட்டும் கேட்பவருக்கு இந்த 31 மில்லிமீட்டர் தெரியாது. டயரின் பக்கவாட்டில் 37-622 என்று சின்னதாகப் போட்டிருக்கும். பின்னால் வரும் மூன்று இலக்கம்தான் உண்மையான அளவு. என் தப்பு, அதைப் பார்க்காமல் வாங்கியது. அந்த ஐரோப்பியக் கடையின் மீது எனக்கு வருத்தமில்லை. திருப்பி அனுப்பும் கூலியோ டயரின் விலையைத் தாண்டியது.

கம்பத்துக்காரர் கூரைக் கொக்கியிலிருந்து ஒரு கறுப்பு டயரை எடுத்து மாட்டினார். அதோடு விட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். சக்கரத்தை அச்சில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் காதை அருகே கொண்டுபோனார். "பால்ரஸ் போயிருச்சு." ஹப்பைக் கழற்றி, குண்டுகளை ஒரு தகர மூடியில் கொட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் காட்டினார். பாதி குண்டுகளில் அம்மைத் தழும்பு மாதிரிப் புள்ளிகள். புதுக் குண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி கிரீஸில் பதித்து, கோனை முறுக்கி, முறுக்கியதைக் கால் சுற்று தளர்த்தினார். பிறகு கோட்டம் எடுத்தார். நான் கேட்டது டயர். கேட்காத இரண்டு நோயை அவர் பார்த்துத் தீர்த்தார். நான் எதைத் தேடுகிறேனோ அதைத்தான் இணையக் கடை காட்டும். சக்கரத்துக்குள் உரசுகிற சத்தத்தை அது எப்படிக் கேட்கும்?

அதற்காக எல்லாவற்றையும் பக்கத்துக் கடையிலேயே வாங்குங்கள் என்று நான் சொல்ல முடியாது. மதுரையில் ஒரு பெரிய கடையில் பத்து ஸ்பீடு செயின் கேட்டேன். எட்டு ஸ்பீடு செயினை எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றில்லை. எட்டு ஸ்பீடு செயின் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் அகலம், பத்து ஸ்பீடு செயின் ஆறுக்கும் குறைவு. மாட்டினால் பக்கத்துப் பல்லில் உரசிக்கொண்டே வரும். குமுளி இறக்கத்தில் ஒரு தரம் விழுந்தபோது, பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் என்ற அலுமினியத் துண்டு முறிந்தது. விழுந்தால் சட்டம் வளையாமல் தான் முறிய வேண்டும் என்றே செய்யப்பட்ட பாகம் அது. ஒவ்வொரு கம்பெனிக்கும், பல சமயம் ஒவ்வொரு மாடலுக்கும் அதன் வடிவம் வேறு. கம்பத்துக்காரர் அதைக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். தினத்தாள் ஒன்றின் ஓரத்தில் வைத்து பென்சிலால் அதன் உருவத்தைச் சுற்றி வரைந்தார். "இது என்கிட்ட வராது தம்பி, நீ அங்கயே சொல்லி வாங்கிரு" என்றார். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் அவரை நம்புகிறேன். அந்தத் துண்டு இரண்டு கண்டம் தாண்டித்தான் வந்தது, கச்சிதமாகப் பொருந்தியது.

அவர் கடையிலுள்ளவையும் கம்பத்தில் விளைந்தவை இல்லை. பெடலும், கிராங்க் அச்சைத் தாங்கும் கப்பும், ஃப்ரீவீலும் பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வருகின்றன, சாலை வழியே 2,500 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் கப்பின் புரி அளவு, அங்குலத்துக்கு 24 புரி, பர்மிங்ஹாமின் பி.எஸ்.ஏ. துப்பாக்கிக் கம்பெனியின் பெயரால் இன்றும் உலகம் முழுக்க அழைக்கப்படுகிறது. அந்தக் கம்பெனிச் சைக்கிளின் பெயரும் ஹெர்குலிஸும் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வழியாகத்தான் அம்பத்தூருக்கு வந்து நம் பெயர்களாயின. கடல் கடந்து வராத சைக்கிள் நம்மிடம் என்றுமே இருந்ததில்லை.

இந்தியாவில் கியர் சைக்கிள் வைத்திருந்தவர்கள் ஒரு காலத்தில் அதிகம் நாடிய இணையக் கடையான செயின் ரியாக்‌ஷன் சைக்கிள்ஸ், 1980-களில் வட அயர்லாந்தின் பாலிநியூர் என்ற சிற்றூரில் ஒரு தம்பதி நடத்திய சைக்கிள் கடைதான். பெருத்து வளர்ந்து, 2016-இல் விக்கிள் என்ற இன்னொரு பெரிய இணையக் கடையோடு சேர்ந்தது. 2023 அக்டோபரில் இரண்டும் சேர்ந்து நிதி நெருக்கடியில் நிர்வாகிகளின் கைக்குப் போயின. அந்தச் செய்தியைப் படித்தபோது, சிற்றூர்க்காரர்கள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு ஏறியிறங்கிய அந்தப் பழைய கடை வாசலைத்தான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளைக் கோடு போட்ட டயர்கள் இரண்டும் கம்பம் கடையின் கொக்கியில் நாலைந்து மாதம் தொங்கின. பிறகு உத்தமபாளையத்திலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையனின் சைக்கிளில் ஏறின. அதன் ரிம் 622. பணத்தை எண்ணிக் கவரில் போட்டு, குமுளி பஸ் கண்டக்டர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தார் கடைக்காரர். முறிந்த ஹேங்கரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். மேசைக்கு மேலே ஒரு கம்பியில் அது தொங்குகிறது.

அப்பாவின் சைக்கிளில் இப்போது ஃபேக்டரி வரை போய் வருகிறேன். வெள்ளைக் கோடு இல்லை, பின் மட்கார்டில் ஒரு சிவப்பு விளக்கு ஒட்டியிருக்கிறேன். போன வாரம் கோடை இறங்கிய நேரத்தில் போன் அடித்தது. மறுமுனையில் கம்பத்துக்காரர்.

"தம்பி, ஒருத்தர் கியர் வண்டி கொண்டாந்திருக்காரு. பக்கத்துல என்ன போட்டிருக்குன்னு வாசிக்கிறேன். அஞ்சு, நாலு, ஒரு கோடு, அப்புறம் அஞ்சு, அஞ்சு, ஒம்போது. இது எந்த இருபத்தாறு?"