பாகூரிலிருந்து பிரான்சுக்கு



நேற்று பாகூர் வீட்டுக்குப் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்துவிட்டாள். பிரெஞ்சும் படித்தவள். அக்டோபரில் பிரான்சுக்குப் போகிறாள், அங்கே ஒரு பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியையாக. ஏழு மாதம், வாரத்துக்கு 12 மணி நேரம். பிள்ளைகளை ஆங்கிலத்தில் பேசவைப்பதுதான் வேலை. அவர்களுக்குக் காட்ட பாகூர் ஏரி, மாட்டுப் பொங்கல் படங்களெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள்.

"ஆனா பயமா இருக்கு டீச்சர். என் இங்கிலீஷைக் கேட்டுப் பசங்க சிரிச்சிட்டா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆறாம் வகுப்பில் அவள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று வாசித்தபோது வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த வருடம் முழுக்க அவள் வாய்விட்டு வாசிக்கவே இல்லை. கவனித்தும் நான் ஏனென்று கேட்கவில்லை.

நேற்று மன்னிப்புக் கேட்டேன். "அதையெல்லாம் விடுங்க டீச்சர்" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிரெஞ்சுப் பிள்ளைங்களுக்கு 'ஹ' சுலபமா வராதும்மா. 'ஹவுஸ்' அவங்க வாயில 'அவுஸ்' ஆகும். அப்போ உன் 'இஸ்கூல்' கதையைச் சொல்லு, தைரியமா பேசுவாங்க" என்றேன்.

அவளை வாழ்த்துங்கள். என் சிரிப்பால் வாய் மூடிய பிள்ளைகள் வேறு யாரேனும் இதைப் படித்தால், இந்த டீச்சரை மன்னித்துவிடுங்கள்.