எட்டு போர்ட் பெட்டி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். ஈதர்நெட் ஸ்விட்சுக்கு அந்த மொழியில் 'கொம்யுத்தாத்தர்' என்று பெயர். எனக்கோ அது எங்கள் ஆபீஸ் தபால் கிளார்க்.

பழைய 'ஹப்' வந்த கடிதத்தை எல்லா மேசையிலும் நகல் போட்டுவிடும். ஸ்விட்ச் அப்படியில்லை. ஆள் தெரியாதவரைதான் எல்லா மேசைக்கும் போகும். யார் எங்கே என்று குறித்துக்கொண்டபின் உரியவரிடம் மட்டும் கொடுக்கும்.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் செல்போன் சிக்னல் படுத்துவிடும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம் அல்லவா! வீட்டில் ஃபைபர் இணைப்பு உண்டு. ஆனால் எங்கள் பழஞ்சுவர்களைத் தாண்டி வைஃபை பின்கட்டுக்குப் போகாது. மூட்டுவலிக்காரியான என் மனைவியோ பின்கட்டை விட்டு வருவதில்லை.

ரவுட்டரில் இடம் தீர்ந்ததால் எட்டு போர்ட் ஸ்விட்ச் வாங்கினேன். ரவுட்டரிலிருந்து அதற்கு ஒரு கேபிள், அதிலிருந்து பின்கட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒன்று. அவ்வளவுதான், செட்டிங் எதுவும் இல்லை. ஒரு கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். எனக்கு 20 போதுமாயிருந்தது.

பாரிஸ் மகளின் முகத்தைத் தெளிவாகப் பார்த்ததும் இவள் கேட்டது: "ஏண்டி இப்படி இளைச்சுட்டே?" அரைமணி நேரம் விசாரணை. குரல் மட்டும் வந்தபோது மகள் இதை மறைத்திருக்கிறாள்.

ஒன்று, ஸ்விட்சுக்கும் கரண்ட் வேண்டும். ரவுட்டரை மட்டும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டு இதை விட்டுவிடாதீர்கள்.