சாத்தனூர் மீன் வறுவலும் நம் ஆற்று மீனும்



விடுமுறைக்குத் திருவண்ணாமலை வரும்போது சாத்தனூர் அணைக்குப் போய் மீன் வறுவல் சாப்பிட்டுப் படம் போடுகிறீர்கள். பார்க்க மகிழ்ச்சி. ஆனால் கட்லா, ரோகு இரண்டும் கங்கைப் பக்கத்து மீன்கள். குஞ்சாக அணையில் விட்டு வளர்ப்பவை. ஜிலேபி 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்க மீன். ஆகவே, அணையில் மீன் கிடைப்பதால் ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

தென்பெண்ணையின் சொந்த மீன்களான சேல்கெண்டை, கெளுத்தி போன்றவை புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறிப்போய் முட்டையிடும். 1958-ல் கட்டி முடித்த அணையைத் தாண்டி அவற்றால் ஏற முடியாது. மணல் அள்ளிய இடங்களில் முட்டையிடவும் வழியில்லை. மேலிருந்து வருவதோ பெங்களூரு, ஓசூர்ப் பக்கத்துக் கழிவு. ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கழிவு மட்கும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்துபோகும். மீன் மூச்சுத் திணறிச் சாகும்.

உங்களில் பலருக்கு அந்த ஊர்களில்தான் வேலை. உங்கள் தொழிற்சாலையும் குடியிருப்பும் கழிவுநீரைச் சுத்திகரித்துத்தான் வெளியே விடுகின்றனவா என்று கேளுங்கள். ஊரில் இருப்பவர்கள் புதுவெள்ள நேரத்தில் சினை மீனைப் பிடிக்காதீர்கள், வாங்காதீர்கள். தொட்டியில் வளர்த்த மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடாதீர்கள்.

இன்று ஒரு வீட்டுப்பாடம்: உங்கள் பிள்ளைகளுக்கு ஐந்து ஆற்று மீன்களின் பெயர் தெரிகிறதா? கேட்டுப் பார்த்துக் கீழே எழுதுங்கள்.