பாட்டு கேட்க வந்த கூட்டம், படமும் பார்க்கட்டுமே!

ஆர்.கே. நாராயண், ஆர்.கே. லக்ஷ்மண். இந்த அண்ணன் தம்பி பெயரில் முதலில் வரும் 'ஆர்' என்னவென்று ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று பத்துப் பேரிடம் கேட்டால், சரியான பதில் வருவது சந்தேகம்தான். பதில், ராசிபுரம்! லக்ஷ்மண் பிறந்தது மைசூரில் (1921), பேர் வாங்கியது பம்பாயில். ஆனால் பூர்வீக ஊர் மட்டும் இனிஷியலில் ஒட்டிக்கொண்டது. நெய்க்கும் பட்டுக்கும் பேர் போன ஊருக்கு, இந்தியாவின் மிகப் பெரிய கார்ட்டூனிஸ்ட் ஒருவரின் பெயரிலும் பங்கு இருக்கிறது என்பது நல்ல விஷயம்தானே.

அந்த லக்ஷ்மண் படிப்பதற்காக பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். திறமை போதாது என்று பதில் வந்தது! பிறகு அதே கல்லூரி அவரை விருந்தினராக அழைத்தது வேறு கதை. இந்தச் சம்பவத்தைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. சிரித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தால் ஒன்று தெரியும். ஓவியத்துக்கு எப்போதும் ஒரு வாசல் இருக்கிறது. வரைய வருகிறவனுக்கு மட்டுமில்லை, பார்க்க வருகிறவனுக்கும் அந்த வாசல் உண்டு.

ஒரு ஆர்ட் கேலரி வாசலில் சும்மா அரை மணி நேரம் நின்று கவனித்தால் புரியும். பெரும்பாலான கேலரிகளில் டிக்கெட் கிடையாது. ஏசி உண்டு. ஆனாலும் வெளியே நடந்து போகிறவர் கண்ணாடிக் கதவைப் பார்த்ததும் நடையை வேகமாக்கி விடுகிறார். உள்ளே போனால் ஏதாவது வாங்கச் சொல்வார்களா? செருப்பைக் கழற்ற வேண்டுமா? படம் புரியவில்லை என்றால் அசிங்கமாகிவிடுமா? பணம் இல்லாமல் உள்ளே போகலாம், கூச்சத்தோடு போக முடியாது. இலவசமாக இருந்தும் ஆள் வராததற்குக் காரணம் இந்தக் கூச்சம்தான்.

இதற்கு மும்பை கண்டுபிடித்த மருந்துதான் காலா கோடா கலைவிழா.

காலா கோடா என்றால் கறுப்புக் குதிரை. ஏழாம் எட்வர்ட் இளவரசராக இருந்த கோலத்தில் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலை ஒன்று தென் மும்பையில் இருந்தது. 1965-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பைகுல்லா மிருகக்காட்சி சாலையில் இருக்கிறது. சிலை போனாலும் இடத்தின் பெயர் போகவில்லை. 2017-ல் அதே பகுதியில் ஒரு புதுக் குதிரையை நிறுத்தினார்கள். இந்த முறை மேலே ராஜா இல்லை, குதிரை மட்டும்!

அந்த வட்டாரத்தில் கலைக்குப் பஞ்சமே கிடையாது. 1952-ல் திறந்த ஜஹாங்கீர் ஆர்ட் கேலரி, 1996-ல் வந்த தேசிய நவீன ஓவியக் கூடம், பழைய மியூசியம், டேவிட் சசூன் நூலகம் எல்லாமே கூப்பிடு தூரத்தில். ஆனாலும் 1998-ல் காலா கோடா சங்கம் ஆரம்பித்தவர்கள், கேலரிகளுக்கு ஜனங்களை அழைப்பதோடு நிறுத்தவில்லை. 1999-ல் படங்களையும் சிற்பங்களையும் தெருவுக்கே கொண்டு வந்தார்கள். பிப்ரவரி வாக்கில் ஒன்பது நாள். தெருவில் வண்டி வராது. டிக்கெட் கிடையாது. பாட்டு, நாட்டியம், நாடகம், சினிமா, புத்தகம், சாப்பாடு எல்லாம் உண்டு. இவற்றுக்கு நடுவே, நடக்கிற பாதையிலேயே பெரிய பெரிய 'இன்ஸ்டலேஷன்' நிற்கும். இன்ஸ்டலேஷன் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சுவரில் மாட்டும் படமாக இல்லாமல், ஒரு இடத்தில் கட்டி நிறுத்திய படைப்பு. சுற்றி வந்து பார்க்கலாம், சிலவற்றுக்குள்ளே நுழையவும் செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டியது கூட்டம் எதற்கு வருகிறது என்பதைத்தான். கச்சேரி கேட்க ஒருவர் வருகிறார், கைவினைக் கடையில் கம்மல் வாங்க ஒருவர் வருகிறார், காதலியோடு சுற்ற ஒருவர் வருகிறார். ஓவியம் பார்க்க என்றே கிளம்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது எல்லோருமே ஓவியம் பார்த்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்! ஜன நடமாட்டம் உள்ள இடத்தில் கடையைப் போடு என்று பி.காம். முதல் வருடப் பாடத்திலேயே வருகிறது. ஓவியத்துக்கு அதைச் செய்து பார்க்கத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

சரி, அது மும்பை. சங்கீதத்துக்கே பேர் போன சென்னை என்ன செய்கிறது?

1927 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டோடு ஒரு சங்கீத மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி வந்தது. அப்படி ஆரம்பித்த டிசம்பர் சீசன் இன்று எத்தனையோ சபாக்களில் நடக்கிறது. எந்த சபாவில் அடை அவியல் நன்றாக இருக்கிறது என்று பத்திரிகைகள் கேன்டீன் விமர்சனமே எழுதுகின்றன. காதுக்கும் உண்டு, வாய்க்கும் உண்டு. கண்ணுக்கு?

கண்ணுக்கும் ஒன்று இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்க்காத சங்கீத ரசிகர் இருக்க முடியாது. சபா சுவரில், அழைப்பிதழில், காலண்டரில், பாட்டு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் என்று எங்கும் இருக்கும். அந்தப் படத்தை வரைந்தவர் எஸ். ராஜம் (1919 - 2010). சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். அவரே தேர்ந்த கர்நாடக சங்கீதப் பாடகர். வீணை எஸ். பாலசந்தரின் அண்ணன். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்தவரும் அவரே. மும்மூர்த்திகள் என்றதும் பலருடைய மனசில் வருகிற முகங்கள் ராஜம் போட்டவைதான். இந்த ஒரு படம் வருஷா வருஷம் லட்சக்கணக்கான கண்களில் படுகிறது. கேலரியில் மட்டும் தொங்கியிருந்தால் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? பாட்டோடு சேர்ந்ததால் வீடு வீடாகப் போயிற்று. ஆனால் வரைந்தவர் பெயர் மட்டும் கூடவே போகவில்லை.

இதற்கு நேர்மாறு சோழமண்டலம். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-ல் கடற்கரையோரம் இடம் வாங்கி அமைத்த ஓவியர் கிராமம். படம் விற்றுப் பிழைக்க முடியாதென்று தெரிந்து, பாட்டிக் துணி போன்ற கைவினைப் பொருள் செய்து விற்று, அந்த வருமானத்தில் வரைந்தார்கள். இந்திய ஓவிய வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. டிசம்பரில் மயிலாப்பூரில் அலைமோதும் ரசிகர் கூட்டத்தில் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பவர் எத்தனை பேர்? சங்கீதத்துக்கும் ஓவியத்துக்கும் ஒரே ஊர்தான், ஆனால் அக்கம்பக்கத்தில் இருந்தும் பேசிக்கொள்ளாத வீடுகள் மாதிரி.

சீசன் முடியும் நேரத்தில், ஜனவரித் தொடக்கத்தில், கபாலீசுவரர் கோயிலைச் சுற்றி நடக்கும் மயிலாப்பூர் விழாவில்தான் இந்த வீடுகள் கொஞ்சம் பேசிக்கொள்கின்றன. 'மயிலாப்பூர் டைம்ஸ்' ஆசிரியர் வின்சென்ட் டிசோசா முன்னின்று நடத்துவது, சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவு. காலையில் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சிறுவர்கள் மைக் இல்லாமல் பாடுவார்கள். மாலையில் வடக்கு மாட வீதியில் தரையில் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டுக் கோலப் போட்டி. பாட்டிகளும் கல்லூரிப் பெண்களும் ஏன், சில ஆண்களும் வரிசையாகக் குனிந்து புள்ளி வைப்பார்கள். சுற்றிலும் கூட்டம். அங்கே 'இது புரியவில்லையே' என்று கூச்சப்படுகிறவர் ஒருவர்கூட இல்லை. எந்தச் சிக்கு எங்கே தப்பாக வளைந்தது என்று கூட்டமே சொல்லிவிடும்! தெருவையே ஓவியக் கண்காட்சியாக்குவது வெளிநாட்டுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதில் குறையே இல்லையா? இருக்கிறது. காலா கோடாவில் இப்போது படைப்புகளை விட செல்ஃபி எடுப்பவர்கள்தான் கண்ணில் படுகிறார்கள் என்று புகார் உண்டு. ஒரு படைப்பின் முன் பத்து நொடி, அதிலும் முதுகைக் காட்டிக்கொண்டு. இன்னொரு பக்கம் ஸ்பான்சர் பெயர்ப் பலகைகள். கூட்டத்தை இழுக்க வேண்டும் என்றே வரைய ஆரம்பித்தால், பெரிதாக, பளிச்சென்று, சட்டென்று புரிகிற மாதிரிதான் வரையத் தோன்றும். அமைதியாக நின்று பார்க்க வேண்டிய சின்னப் படம் அந்தச் சத்தத்தில் தோற்றுப் போகும். இது நியாயமான கவலைதான். ஆனால் கேலரியில் மட்டும் வைத்தால் அந்தப் பத்து நொடியும் கிடைக்காது. பத்து நொடி பார்த்தவர்களில் யாரோ ஒருவர் அடுத்த மாதம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். அந்த ஒருவருக்காகத்தான் இத்தனையும்.

இப்போது ராசிபுரத்துக்கு வரலாம்.

ராசிபுரத்தில் ஆர்ட் கேலரி இல்லை என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. திருவிழா இருக்கிறது! ஐப்பசியில் நித்திய சுமங்கலி மாரியம்மன் கோயில் திருவிழா. மற்ற ஊர் மாரியம்மன் கோயில்களில் திருவிழாவுக்கு நட்ட கம்பத்தை விழா முடிந்ததும் பிடுங்கிவிடுவார்கள். இங்கே கம்பம் வருஷம் முழுக்க நிற்கும். கம்பம் அம்மனுக்குப் புருஷன் என்பது ஐதீகம், அதனால்தான் நித்திய சுமங்கலி. தேரோட்டம், தீமிதி, வாணவேடிக்கை, இரவில் பாட்டுக் கச்சேரி, சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் மொத்தமும் ஊருக்குள். காலா கோடாக்காரர்கள் வருஷக்கணக்கில் உழைத்துச் சேர்த்த கூட்டம் இங்கே தானாகவே வருகிறது.

அந்தக் கூட்டத்தின் கண்ணுக்கு என்ன கிடைக்கிறது? தேரில் மரச் சிற்பம், வாசலில் கோலம், அந்தரத்தில் மின்னும் சீரியல் லைட் போர்டு. மீதி இடமெல்லாம் ஃப்ளெக்ஸ். கடைப் பெயர்ப்பலகை, சினிமா பேனர், கட்சிக் கட்-அவுட் எல்லாம் ஒரு காலத்தில் கையால் வரைந்தவை. 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் மெஷின் வந்தது. சதுர அடிக் கணக்கில் விலை, ஒரே நாளில் டெலிவரி. எத்தனையோ ஊர்களில் பேனர் ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷை வைத்துவிட்டுப் பெயிண்டர் வேலைக்குப் போனார், சிலர் ஆட்டோ ஓட்டப் போனார்கள். ஒரு முகத்தைக் கட்டம் போட்டு இருபதடிக்குப் பெரிதாக்கத் தெரிந்த கை, இப்போது சுவருக்கு டிஸ்டம்பர் அடிக்கிறது.

இன்னொரு பக்கம் பிள்ளைகள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. அதில் ஓவியமும் உண்டு. பிள்ளைகள் வரைகிறார்கள், பரிசு வாங்குகிறார்கள், கைதட்டல் கிடைக்கிறது. அப்புறம் அந்தப் படங்கள் எங்கே போகின்றன? பெரும்பாலும் பீரோவுக்குத்தான். வரைந்த பெண்ணின் பக்கத்து வீட்டுக்காரர்கூட அதைப் பார்த்திருக்க மாட்டார்.

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஆடி 17, 18 தேதிகளில் கொல்லிமலையில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா. வில்வித்தைப் போட்டி, கிராமியக் கலை நிகழ்ச்சி, கூடவே தோட்டக்கலைத் துறையின் மலர்க் கண்காட்சி. பூக்களை அடுக்கிச் செய்த உருவங்களைக் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். அதற்குச் சிற்பம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் பார்க்கிறார்கள். பாட்டோடும் கூத்தோடும் சேர்த்து வைத்தால் ஜனம் பார்க்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

செலவும் அதிகமில்லை. ஒரு கயிறு, கொஞ்சம் கிளிப், நாலு ட்யூப்லைட். ஐப்பசி என்றால் அடைமழை வரும், காகிதம் நனையும். கடைத் தாழ்வாரங்கள் இருக்கின்றனவே, இரவில் மூடிய ஷட்டர்களும் இருக்கின்றன. மண்டகப்படிக்கு யாருக்கு எந்த நாள் என்று வரிசை உண்டு, முறை உண்டு. படத்துக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. எந்தத் தெருப் பிள்ளை வரைந்ததும் எந்தத் தெருவிலும் தொங்கலாம். பழைய பேனர் ஆர்ட்டிஸ்ட் ஒருவரைக் கூப்பிட்டு, கூட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய முகத்தைக் கட்டம் போட்டு வரையச் சொன்னால், கச்சேரி மேடை முன்னால் இருப்பதில் பாதிக் கூட்டம் இந்தப் பக்கம் வந்துவிடும்.

ஒரே ஒரு நிபந்தனை. எஸ். ராஜம் விஷயத்தில் நடந்தது இங்கே நடக்கக் கூடாது. ஒவ்வொரு படத்தின் கீழேயும் வரைந்தவர் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். விற்பதாக இருந்தால் விலையையும் எழுத வேண்டும். நூறோ இருநூறோ, கூச்சப்படாமல் எழுத வேண்டும். படம் வரைந்தால் சோறு போடுமா என்று கேட்கிற அப்பாக்கள் அந்தத் திருவிழாக் கூட்டத்தில்தான் நடந்து போவார்கள். தன் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் நின்று பார்த்து, விலை கேட்டு, பணம் கொடுத்து வாங்கிப் போவதை ஒரு அப்பா பார்த்தால் போதும். அந்த வீட்டில் ட்ராயிங் நோட்டைக் கணக்குப் புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைக்க வேண்டியிருக்காது.