அம்மாவோட அச்சு முறுக்கு

அம்மா தவறி இது இரண்டாவது தீபாவளி. போன வருஷம் துக்கம், பலகாரம் சுடல. இந்த முறை படையலுக்கு அம்மாவோட அச்சு முறுக்கு வைக்கணும்னு நாங்க மூணு பிள்ளைகளும் அடுப்படியில நின்னோம். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி எல்லாம் இருந்தும் மாவு அச்சை விட்டுப் பிரியவே இல்ல.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வந்து பார்த்தாங்க. அச்சு முதல்ல எண்ணெயில நல்லா காயணுமாம். மாவுல முக்கும்போது மேல்விளிம்பு முங்கக் கூடாதாம். பெருநாளுக்கு அவங்க சுடுற குவே லோயாங்குக்கு எங்க அம்மா சொல்லிக்கொடுத்த பக்குவமாம்.

படையல்ல முதல் முறுக்கை வச்சப்ப யாரும் பேசல. கோயில்ல நூத்துக்கணக்கான பேருக்கு அன்னதானம் சமைக்கிறோம். பெத்தவங்ககிட்ட இதைக் கேட்டு வச்சுக்கலையே! அம்மா இருக்கிறவங்க இந்த வாரமே போய் அடுப்படியில பக்கத்துல நில்லுங்க.