பாட்டிக்கும் எனக்கும் ஒரே 1.1... ஆனால், ரிசல்ட் வேறு!

போன மாதம் பாட்டியை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். துணைக்குப் போன நானும் கையை நீட்டினேன். இருவருக்குமே கிரியாட்டினின் 1.1. "நார்மல்தான் பாட்டி, கவலைப்படாதீங்க" என்று ரிப்போர்ட்டை மடித்துவிட்டேன்.

டாக்டர் அதைப் பிரித்து அடுத்த வரியைக் காட்டினார். இ.ஜி.எஃப்.ஆர்: 24 வயது எனக்கு 96, 70 வயது பாட்டிக்கு 54.

கிரியாட்டினின், தசைகளிலிருந்து வரும் கழிவு. முதுமையில் தசை குறைவதால் அதுவும் குறைவாகவே உருவாகும். அப்படியும் ரத்தத்தில் 1.1 இருந்தால், சிறுநீரகம் மெதுவாக வடிகட்டுகிறது என்று அர்த்தம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதுதான் இ.ஜி.எஃப்.ஆர். அது 60-க்குக் கீழேயே 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், நாள்பட்ட சிறுநீரக நோய்.

"வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?"

பாட்டி சுருக்குப்பையிலிருந்து மூட்டுவலி மாத்திரை அட்டையை எடுத்தார். டாக்டர் சீட்டு இல்லாமல், மாதாமாதம் மருந்துக்கடையில் வாங்கிவந்து கொடுத்தது நான்தான்.

"முதல்ல இதை நிறுத்துங்க. இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும்" என்றவர், சிறுநீரில் அல்புமின் பரிசோதனையும், 3 மாதம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ரிப்போர்ட்டை 'நார்மல்' என்று மடித்து வைக்கும் முன், அந்த அடுத்த வரியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.